சம்பந்தி வீட்டு வானில் மூன்று நாள்

டென்மார்க்கில் பாலைவனம் இருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னவர் என் மகளோடு சேர்ந்து வாழும் டேனிஷ் பையனின் தகப்பன். எனக்கு நேரே சொல்லவில்லை. நான் தொலைபேசி எடுப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். என் மனைவியிடம் சொன்னார். வடமேற்குக் கரையில் ஒரு தேசியப் பூங்கா முழுக்க மணல்தானாம். அதற்கும் வடக்கே, நாட்டின் முனைக்குக் கிட்ட, காற்றோடு வருடா வருடம் இடம் மாறுகிற ஒரு மணல்மலையும் உண்டாம். ஒவ்வொரு இலையுதிர்கால விடுமுறைக்கும் அவரும் மனைவியும் இரண்டு நாய்களோடு தங்கள் கெம்பர் வானில் அங்கே போவார்களாம். இந்த முறை நீங்கள் இருவரும் வாருங்கள், வானில் நாலு பேர் படுக்கலாம் என்றாராம்.

படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ள வான் வண்டி. அதற்குள் நாங்கள் இருவர், சம்பந்திகள் இருவர், நாய்கள் இரண்டு. கலியாணம் எழுதாமல் எப்படிச் சம்பந்தி என்று கேட்காதீர்கள். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

போகமாட்டேன் என்று சொல்ல முடியாத நிலையில் நான் இருந்தேன். அந்த வருடம் ஈஸ்டர் விடுமுறைக்கு மகள் அந்தப் பையனையும் அவனுடைய நாயையும் கூட்டிக்கொண்டு ஸ்கீவவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வீட்டில் சாமியறை இருக்கிறது, நாய் உள்ளே வரக்கூடாது என்றேன். நாயைத் தனியே விட்டால் பயந்து கத்தும் என்று அவன் சொன்னான். அப்படியென்றால் நீயும் அதோடு வெளியே இரு என்று நான் வாயால் சொல்லவில்லை. கராஜில் ஒரு மேசையைப் போட்டு, அவனுக்குச் சோறு கறியை அங்கே கொண்டுபோய் வைத்தேன். அவன் நன்றி சொல்லிவிட்டு இருந்து சாப்பிட்டான். மகள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய், கார்ச் சக்கரங்கள் அடுக்கி வைத்திருந்த இடத்தில் நின்றபடியே சாப்பிட்டாள். போகும்போது தாயிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு ஆறு மாதம் எங்கள் வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. என்னோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.

சம்பந்தியின் அழைப்பு வந்த அடுத்த நாள் மகள் தாய்க்கு ஒரு செய்தி அனுப்பினாள். அப்பா இந்தப் பயணத்துக்குப் போனால், மூன்றாம் நாள் அந்த மணல்மலைக்குத் தாங்களும் காரில் வருவார்களாம். அங்கே சந்திக்கலாம், வீட்டுக்கு வருவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம் என்று எழுதியிருந்தாள். மனைவி அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்.

இருபத்திரண்டு வருடம் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் குடல் கழுவும் பகுதியில் வேலை செய்தவனுக்கு நாயைக் கண்டால் என்ன அருவருப்பு என்று நீங்கள் கேட்கலாம். மகளும் ஒருமுறை கேட்டாள். அங்கே எனக்குக் கையுறை இருந்தது, முழங்கால் வரை சப்பாத்து இருந்தது, வேகமாக அடிக்கும் வெந்நீர்க் குழாய் இருந்தது. வேலை முடிந்ததும் குளித்துவிட்டு வேறு மனிதனாக வெளியே வருவேன். பன்றிக் குடல் எவரையும் நக்காது. எவருடைய கட்டிலிலும் ஏறிப் படுக்காது.

வான் வீட்டு வாசலில் வந்து நின்ற வெள்ளிக்கிழமை காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் நனைந்த கம்பளியும் கோப்பியும் சேர்ந்து புளித்த மாதிரி ஒரு மணம் முகத்தில் அடித்தது. ஒரு நாய் பெரியது, மஞ்சள் நிறம், வயது போனது. மற்றது கால் குட்டையான முரட்டு மயிர்க்காரன். பெரியது எழுந்து வந்து நான் இருக்கவேண்டிய இருக்கையை ஒருமுறை நக்கிவிட்டுப் போனது. சம்பந்தியம்மா அதைப் பார்த்து, உங்களுக்கு இடம் துடைத்துத் தருகிறான் என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் கொண்டுபோன கைத்துவாயை அங்கே விரித்துவிட்டு இருந்தேன்.

சம்பந்தி வேலையிலிருந்து இளைப்பாறிய இயந்திரத் திருத்துநர். உழவு இயந்திரங்களோடு வாழ்நாளைப் போக்கியவர். வானின் தண்ணீர்க் குழாய்களையெல்லாம் தானே புதிதாகப் போட்டதாகச் சொன்னார். அவற்றை எங்களுக்குக் காட்டுவதில் அவருக்கிருந்த சந்தோஷம் ஒரு பிள்ளையின் சந்தோஷம். கடைசியாகக் கக்கூஸைக் காட்டினார். ஒரு அலுமாரி அளவு இடம். குளிப்பதும் அதற்குள்தான். இருக்கையின் அடியில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, இருபது லீற்றர் கொள்ளும். எல்லாம் அதற்குள் விழும். நிறைந்தால் சுவரில் சிவப்பு விளக்கு எரியும். அப்போது வானின் வெளிப்பக்கத்தால் பெட்டியை இழுத்தெடுத்து, முகாம்களில் அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவவேண்டும். இந்தப் பொத்தானை ஒரு தரம் மெல்ல அமர்த்தினால் போதும், ஒரு கோப்பைத் தண்ணீர் வரும், பெட்டி நாலு பேருக்கு இரண்டு நாளுக்குத் தாராளம் என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எங்கள் உடுப்புப் பையின் அடியில், துவாயால் சுற்றி, ஒன்றரை லீற்றர்ச் சோடாப் போத்தல் ஒன்று வெறுமையாக இருந்தது. பயணம் போகும்போது எந்தத் தமிழ் வீட்டுப் பையிலும் அது இருக்கும். பேப்பரால் துடைத்துவிட்டு உடுப்பைப் போடுகிற பழக்கம் முப்பது வருடத்திலும் எங்களுக்கு வரவில்லை. நினைத்தாலே உடம்பு கூசும்.

முதல்நாள் பூங்காவுக்குள் போனோம். மணல்மேடுகள் உண்மையாகவே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இருந்தன. ஆனால் மேலே பாசியும் குட்டைச் செடியும் கூரான புல்லும். எங்கும் ஈரம். இது எங்கள் பாலைவனம் என்று சம்பந்தி கையை விரித்துக் காட்டியபோது அவருடைய மூக்கு நுனியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. போர்க்காலத்துக் கொங்கிறீட் பங்கர்களைக் காட்டி, உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று கூப்பிட்டார். நான் ஊரில் போதுமான பங்கர்களைப் பார்த்தவன். வெளியே நின்றுகொண்டேன். அதனால் நாய்களின் கயிறு என் கையில் வந்தது. குட்டையன் மான் புழுக்கையைத் தேடித் தேடித் தின்றான். பெரியது தன் பின்பக்கத்தை நக்கி முடித்துவிட்டு, நான் விலகுவதற்குள் என் கையை நக்கியது. பங்கருக்குள்ளிருந்து வந்த சம்பந்தியம்மா அதைக் கண்டு, அவனுக்கு உங்களைப் பிடித்துவிட்டது என்றாள்.

மத்தியானம் கறுப்புப் பாணும் ஈரல் பசையும். சம்பந்தியம்மா கத்தியால் பசையை எடுத்துப் பாணில் பூசினாள். மீதியைக் கத்தியோடு பெரிய நாய்க்கு நீட்டினாள். அது இரண்டு பக்கமும் நக்கியது. அதே கத்தி திரும்ப வந்து வெண்ணெய்க்குள் இறங்கியது. இவருக்கு வயிறு சரியில்லை என்று மனைவி சொல்லிச் சமாளித்தாள். அவள் ஐஸ்கிரீம் டப்பாக்களில் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தாள். அதையாவது சாப்பிடலாம் என்று மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கரண்டி எடுக்கத் திரும்பிய நேரத்தில் குட்டையன் மேசை விளிம்பில் காலை வைத்துச் சொதிக்குள் மூக்கைத் தோய்த்துவிட்டான். சம்பந்தியம்மா டப்பாவின் விளிம்பை விரலால் வழித்துவிட்டு, ஒன்றுமில்லை, நிறைய இருக்கிறது என்றாள். அந்தச் சொதியை அவர்கள் இருவரும் நாய்களும் சாப்பிட்டு முடித்தார்கள். மிகவும் ருசி என்றார்கள். நாங்கள் வெறும் இடியப்பத்தை விழுங்கினோம்.

பின்னேரம் கடற்கரைக்குப் போனோம். அந்த மாதத்தில் நாய்களைக் கரையில் அவிழ்த்துவிடலாம் என்பது சட்டமாம். அவை ஓடிய ஓட்டத்தில் தூரத்தில் எதையோ கண்டு நின்றன. கிட்டப் போனபோது செத்து ஒதுங்கிய சீல் என்ற கடல்விலங்கு. கண்ணை நண்டு தின்று பல நாளாகியிருந்தது. இரண்டு நாயும் அதன்மேல் முதுகைப் போட்டு, காலை மேலே தூக்கி, புரண்டு புரண்டு எழுந்தன. என் தொழிற்சாலையில் கோடை விடுமுறைக்குப் பிறகு வடிகாலைத் திறக்கிறபோது ஒரு மணம் வரும். அதைவிட இது கொடுமை. அந்த நாய்களை வானுக்குள் ஏற்றி, நாங்கள் குளிக்கவேண்டிய அந்த அலுமாரிக்குள் நிறுத்தி, சம்பந்தியம்மா சவர்க்காரம் போட்டாள். வானுக்குள் வெப்பமூட்டியும் போட்டிருந்தது. சுவரெல்லாம் வேர்த்தது. பிறகு அந்த இரண்டும் போய் அவர்களுடைய கட்டிலில் போர்வைக்குள் ஏறின. எங்களுக்குச் சாரதி இருக்கைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை. ஏணியில் ஏறிப் படுத்த மனைவி சீலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விட்டாள்.

இரண்டாம் நாள் காலையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சம்பந்தி நம்பவில்லை. விளக்கைத் தட்டிப் பார்த்தார். பெட்டியை இழுத்துத் தூக்கியபோது அது தளும்பியது. முகாமின் ஓரத்தில் கொட்டுகிற இடத்துக்கு அதை அவர் சுமந்துகொண்டு போவதைப் பரணின் சிறு ஜன்னலால் பார்த்தேன். சம்பந்தியாக வரப்போகிற மனிதன் என் கழிவைக் கையில் தூக்கிக்கொண்டு மழைக்குள் நடக்கிறான். ஓடிப்போய் வாங்கியிருக்கவேண்டும். வாங்கினால் ஏன் நிறைந்தது என்ற கதை வரும். நான் ஜன்னல் சீலையை மூடிவிட்டேன். அந்தப் பயணத்தில் எனக்கு வந்த அருவருப்புகளில் அது மட்டும் என்மேலேயே வந்தது.

பின்னேரம் ஐந்து மணிக்கு, அடுத்த முகாமில், திரும்பவும் விளக்கு எரிந்தது. சம்பந்தியின் முகம் மாறிவிட்டது. குடிதண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தார். அதிலும் தண்ணீர் குறைந்திருந்தது. அவருக்குக் காரணம் விளங்கிவிட்டது: கக்கூஸுக்குத் தண்ணீர் விடும் வால்வு இறுகவில்லை, நல்ல தண்ணீர் தொட்டியிலிருந்து இரவு பகலாகப் பெட்டிக்குள் ஒழுகுகிறது. தொழில் தெரிந்த மனிதனின் கணக்கு. ஒரு பிழையும் சொல்ல முடியாது. அந்தத் தண்ணீர் ஒன்றரை லீற்றர் ஒன்றரை லீற்றராக எங்கள் போத்தல் வழியாகப் போனது என்பதைத் தவிர.

தானே போட்ட வால்வு பழுது என்பது அவரைச் சுட்டுவிட்டது. கருவிப் பெட்டியைத் திறந்து, ஈர நிலத்தில் முதுகைப் போட்டுப் படுத்து, வானின் அடிப்பக்கத்துக்குள் தலையை விட்டார். குட்டையன் அவருடைய காதை நக்கிக்கொண்டு பக்கத்தில் கிடந்தான். நான் அவருக்குக் குடை பிடித்தேன். ஒரு மணித்தியாலம் பிடித்தேன். ஒவ்வொரு முறை அவர் திருகுசாவியைக் கேட்கும்போதும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த டேனிஷ் எல்லாம் தொழிற்சாலை டேனிஷ். கத்தி, கொழுக்கி, நேரம், ஓய்வு. ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இங்கே மொழி வகுப்பு வைத்த ஆசிரியை இந்த விஷயத்துக்கு ஒரு சொல்லும் கற்பிக்கவில்லை. கற்பித்திருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். கடைசியில் உள்ளே ஏதோ ஒடிந்த சத்தம் கேட்டது. சம்பந்தி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். வெளியே வந்தபோது கையில் ஒரு சிறிய பிளாஸ்ரிக் கொளுவி இரண்டு துண்டாக இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டே முடிவைச் சொன்னார். இப்படியே போக முடியாது, நாளை காலை திரும்பி வீட்டுக்குப் போய்ப் பட்டறையில் பார்க்கவேண்டும். பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். மணல்மலை எங்கும் ஓடாது, அடுத்த வருடம் பார்க்கலாம்.

அடுத்த வருடம். என் மனைவி சிரித்த முகத்தோடு தலையாட்டிவிட்டு, நாங்கள் நாய்களை நடத்திக்கொண்டு வருகிறோம் என்று சொன்னாள். வானுக்குப் பின்னால் மணல்மேட்டின் மறைவுக்கு வந்ததும் அவளுடைய முகம் விழுந்துவிட்டது. இரண்டு நாயும் என் கையில் இழுத்துக்கொண்டு நின்றன.

"நீங்கள் ஒண்டும் கதைக்கப்படாது," என்றாள்.

"கதைக்காட்டி நாளைக்குத் திரும்பிறார். பிள்ளை வரமாட்டாள்."

"அதுக்காக? சம்பந்திக்கு முன்னால போய், நாங்கள் போத்தல்ல தண்ணி எடுத்துக் கழுவுறனாங்கள் எண்டு சொல்லப்போறியளோ? பிறகு நான் அந்த மனுசியின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

என் மனைவி முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறவள். "நீ நாள் முழுக்க அவையின்ர கிழடுகளுக்குக் கழுவித் துடைக்கிறனிதானே," என்றேன்.

"அது வேலை. இது எங்கட சொந்த விசயம்."

"நான் மட்டும்தான் எண்டு சொல்லுறன்."

"உங்கள் ஒராளால அவ்வளவு தண்ணியோ? அந்தாள் மெக்கானிக். கணக்குப் பாக்கும்."

"எனக்கு வயித்தாலை போகுது எண்டு சொல்லுறன்."

"ஓம், அது இன்னும் வடிவாயிருக்கும்," என்று சொன்னவள், அழத் தொடங்கிவிட்டாள். பெரிய நாய் அவளுடைய செருப்பை மணந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே படுத்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதமாக அவள் என்னிடம் கேட்காததை அப்போது கேட்டாள். "அந்தப் பெடியனை உள்ளுக்க இருத்தியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமோ?"

நாய்களை இழுத்துக்கொண்டு திரும்பினேன்.

வானுக்குள் மேசையில் பாணும் கோப்பியும் வைத்திருந்தார்கள். சம்பந்தி ஒடிந்த கொளுவியைத் தன் முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா பாண் கூடையைக் கிட்டத் தரும்படி கேட்டாள். நான் ஒரு துண்டை எடுத்து, வலது கையால், அவளிடம் கொடுத்தேன். பிறகு சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"வால்வு நல்லது. நான் கழுவுகிறேன். கக்கூஸில், தண்ணீரால். பேப்பர் இல்லை. தண்ணீர் அதனால் நிறைய."

சம்பந்தி என்னைப் பார்த்தார். ஒரு முறைக்கு எத்தனை லீற்றர் என்று கேட்டார். ஒன்றரை என்றேன். நாளைக்கு எத்தனை முறை என்றார். நான் விரலை எண்ணத் தொடங்கினேன். அந்த நேரத்தில் வாசற்படியில் நின்ற என் மனைவி உள்ளே வந்து, வேலையிடத்தில் அடுத்த ஆளிடம் நோயாளியை ஒப்படைக்கிற குரலில், இரண்டு பேரும், ஒவ்வொருவரும் எட்டுத் தரமளவில் என்று சரளமான டேனிஷில் சொல்லிவிட்டு என் பக்கத்தில் இருந்தாள். சம்பந்தி வாய்க்குள் பெருக்கினார். கணக்குச் சரியாக வந்தது. ஒடிந்த கொளுவியைப் பார்த்தார். பிறகு மேசையில் நெற்றியை வைத்துச் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தார்.

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. கையாலா என்று கேட்டாள். ஓம் என்றேன். எந்தக் கையால் என்றாள். இடது கையைக் காட்டினேன். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் கோப்பையில் இருந்த, நான் கொடுத்த பாண் துண்டைப் பார்த்தாள். கடிக்காமல் அதை எடுத்து மேசைக்குக் கீழே பிடித்தாள். பெரிய நாய் ஒரே வாயில் விழுங்கியது. அதற்குப் பரிசாக அதன் நெற்றியில், ஈர மூக்குக்கு மேலே, ஒரு முத்தம் கொடுத்தாள்.

அந்த நாய் அன்று காலையில் எதைத் தின்றது, முதல்நாள் எதில் புரண்டது, ஐந்து நிமிடத்துக்கு முன்னால் எதை நக்கியது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். என்னுடைய கை சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவிய கை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதை வாயால் விடுவதற்கு முன்னால் வேறொன்று நினைவுக்கு வந்தது. கராஜில் அந்தப் பையன் சோறு நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் தரம் கேட்டு வாங்கினான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வால்வு நல்லதாக இருந்தபடியால் திரும்பிப் போகிற பேச்சு அங்கேயே முடிந்தது. கொளுவி ஒடிந்தபடியால் பொத்தான் வேலை செய்யவில்லை. இனிக் கக்கூஸுக்குப் போகிற எவரும் கையால்தான் தண்ணீர் ஊற்றவேண்டும். சம்பந்தி எங்கள் போத்தலைக் கேட்டு வாங்கிப் பாவித்தார். சம்பந்தியம்மா மழையங்கியைப் போட்டுக்கொண்டு, முகாமின் மறுகோடியில் இருந்த பொதுக் கக்கூஸுக்கு நடந்து போனாள். மறுநாள் காலையிலும் போனாள். பலத்த மழை. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பெட்டியை அன்று காலை நான்தான் கொட்டினேன். சம்பந்தி கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

மணல்மலை மற்றவற்றைப் போல் இல்லை. ஒரு புல் இல்லை, ஒரு செடி இல்லை. பைன் மரங்களுக்கு நடுவில் யாரோ கொண்டுவந்து கொட்டியதுபோல் வெறும் மணல். அது நகர்ந்து நகர்ந்து மரங்களை விழுங்கிக்கொண்டு போகிறதாம். மழை விட்டிருந்தது. காற்று மணலை வாரிப் பல்லுக்குள் போட்டது. வாகனம் நிறுத்தும் இடத்தில் மகளின் கார் நின்றது. மகள், பையன், அவர்களுடைய கறுப்பு நாய். அது வந்து மற்ற இரண்டு நாய்களின் பின்பக்கத்தையும் மணந்தது. அதுதான் அவற்றுக்கு வணக்கம் சொல்கிற முறை.

சம்பந்தியம்மா மகளை ஒதுக்கமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திக் கதைத்தாள். எனக்கு விளங்காது என்று நினைத்தாள். நான் மெதுவாகத்தான் விளங்குகிறவன், ஆனால் விளங்குகிறவன். கையால், இருவரும், நான் நினைத்தும் பார்க்கவில்லை என்று சொல்வது கேட்டது. என் மனைவி கால் விரலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றாள். மகள் குரலைத் தாழ்த்தாமல் பதில் சொன்னாள். தானும் அப்படித்தான் என்றாள். தங்கள் வீட்டுக் கக்கூஸில் ஒரு பச்சைப் பூவாளி இருக்கிறது, அது அதற்குத்தான் என்றாள். இரண்டு வருடமாக உங்கள் மகனும் அதைத்தான் பாவிக்கிறான் என்றாள். சம்பந்தியம்மா, அந்தப் பூவாளியால் நான் உங்கள் ஜன்னல் செடிகளுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறேனே என்றாள். ஓம், செடிகள் நன்றாக இருக்கின்றன என்றாள் மகள். பையன் காது வரை சிவந்துபோய் நாயின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றான்.

பிறகு மகள் என்னைப் பார்க்காமலே மணலில் ஏறத் தொடங்கினாள். நான் பின்னால் ஏறினேன். ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கியது. உச்சியில் நின்று இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். அவள் என்னோடு எப்போதும் டேனிஷில்தான் கதைப்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். அன்றைக்கு அவள் தமிழில் தொடங்கினாள். ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி எடுத்தாள்.

"அப்பா, உங்களுக்கு நாயைக் கண்டா அருவருப்பு. அது எனக்குத் தெரியும். அதுக்கு எனக்குக் கோவம் இல்லை. ஆனா அவரை ஏன் வெளியில வச்சனீங்கள்?"

"அவனுக்கு விளங்கினதோ?" என்று கேட்டேன்.

"எல்லாம் விளங்கினது. கார்ல போகேக்க சொன்னவர், உன்ர அப்பா எனக்கு நல்ல இறைச்சியாப் பாத்து வச்சவர் எண்டு."

எனக்குக் கண்ணுக்குள் மணல் போனது. துடைத்துக்கொண்டு, எனக்குச் சொல்லவேண்டியிருந்ததைச் சொன்னேன். "நாயோட வாங்கோ. உள்ளுக்க வரட்டும். ஆனா எனக்கு அதைப் பிடிக்குமெண்டு மட்டும் சொல்லச் சொல்லாதை. பிடிக்காது. கடைசி வரைக்கும் பிடிக்காது."

அவள் சப்பாத்தைக் கழற்றி மணலைக் கொட்டினாள். "சரி," என்றாள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். மனைவி ஆட்டிறைச்சிக் கறியும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்திருந்தாள். நாலு பேரும் குசினி மேசையில் இருந்தோம். நாய் விருந்தறைக்குள் சுற்றி, எல்லாவற்றையும் மணந்து, கடைசியில் கார்ப்பெட்டின் நடுவில் படுத்தது. அதன் மயிர் காற்றில் மிதந்து வந்து என் சோற்றில் விழுமோ என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டேன். பையன் மேசைக்குக் கீழே ஒரு எலும்பைக் கொடுத்திருக்கவேண்டும். சற்று நேரத்தில் தொண்டைக்குள் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கார்ப்பெட்டில் சத்தி எடுத்திருந்தது. மஞ்சளாக, நுரையோடு, நடுவில் அந்த எலும்பு. அதைத் திரும்பவும் தின்னலாமா என்று நாய் யோசித்துக்கொண்டு நின்றது.

பையன் பதறி எழுந்தான். மகளும் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவள் அப்போதுதான் இரண்டாம் தரம் சோறு போட்டிருந்தாள்.

"நீ இருந்து சாப்பிடு," என்றேன். அவனையும் தோளைப் பிடித்து இருத்தினேன்.

வாளியில் சுடுதண்ணீர் பிடித்து, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த கையுறையைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் இருந்து துடைத்தேன். இரண்டு தரம் எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பி, மூச்சைப் பிடித்து, திரும்பவும் துடைத்தேன். குசினிக்குள் மகள் தாயிடம் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்பது கேட்டது.